மெசினை இறக்க முதல்: பழைய டூ-ஸ்ட்ரோக் போட் மெசின் புகைத்தபோது நான் பட்ட பாடு

பழைய டூ-ஸ்ட்ரோக் மெசின் ஒன்று ஸ்டார்ட் பண்ணியதும் புகை கக்கினால், கரையில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "ரிங் போயிட்டுது, இறக்கிப் பாருங்க." ரிங் என்றால் சிலிண்டருக்குள் ஏறி இறங்குகிற பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையம்; இறக்குவது என்றால் மெசினை முழுக்கப் பிரிப்பது. அந்த வார்த்தைக்குப் பின்னால் எங்கள் வீட்டிலிருந்து 84,000 ரூபா போனது. சீட்டு எடுத்த காசும் என் வளையலை அடகு வைத்த காசும் அதில் அடக்கம். மெசினை இறக்கினார்கள், ரிங் மாற்றினார்கள், சீல் மாற்றினார்கள். புகை மட்டும் போகவில்லை. கடைசியில் புகையை நிறுத்திய வேலைகளுக்கு எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாகூட ஆகவில்லை. இந்தப் பாட்டை இன்னொரு குடும்பம் படக்கூடாது என்பதற்காகத்தான் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொழும்பு முகத்துவாரத்தில். களனி கங்கை கடலில் விழுகிற அந்தப் பக்கத்திலிருந்துதான் அப்பா இளவயதிலிருந்தே தொழிலுக்குப் போனார். 18 அடி ஃபைபர் போட், 15 எச்பி மெசின், இரண்டு சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடுகிற வகை. இந்த வகை மெசினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வந்து நிறுத்த முதல் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றி, குழாயிலும் காபரேட்டரிலும் (எரிபொருளைக் காற்றோடு கலக்கிற பகுதி) நிற்கிற மண்ணெண்ணெய் தீரும்வரை ஓடவிட வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய பிறகு, கரையில் எல்லாரும் எதிலே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஓடவிடுகிற அந்தக் கொஞ்சப் பெற்றோலும் அப்படித்தான் கைவிடப்பட்டது.

பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அந்தக் கலவரத்தில் போட்டில் போகிற பொடியன்கள் மெசினை அப்படியே நிறுத்தி, கழற்றிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் படுக்கப் போட்டுவிட்டார்கள். சோளகம் (தென்மேல் பருவக்காற்றுக் காலம்) முழுக்க அது அங்கேயே கிடந்தது. நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள். கூடப்பிறந்த ஆண் பிள்ளைகள் இல்லை. சோளகம் அடங்கிக் கடல் பணிகிற காலத்தில் போட்டைப் பங்குக்கு விட்டால்தான் அப்பாவின் மருந்துச் செலவும் வீட்டுச் செலவும் சரிவரும். அதனால் மெசினை எழுப்புகிற வேலை என் தலையில் வந்தது.

கயிறு இழுத்து இழுத்துப் பொடியன்கள் களைத்த பிறகுதான் ஸ்டார்ட் ஆனது. வந்த புகையைப் பார்த்து நான் பயந்தே போனேன். வெள்ளையும் நீலமும் கலந்த புகை, மேலே எழும்பாமல் தண்ணீர் மேலேயே படர்ந்து பக்கத்துப் போட்டுகளை மூடியது. கண் எரிந்தது, மண்ணெண்ணெய் நாற்றம் தொண்டையில் பிடித்தது. புகை வருகிற வாயில் கறுப்பாகப் பிசின் மாதிரி ஒன்று வழிந்து, தண்ணீரில் விழுந்ததும் பல நிறமாகப் படலம் விரிந்தது. பத்து நிமிஷம் ஆகியும் குறையவில்லை. அப்போதே "ரிங்" என்று தொடங்கிவிட்டார்கள்.

வத்தளைப் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கே பெரும்பாலும் த்ரீவீலும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள், போட் மெசினும் செய்வோம் என்றார்கள். மெக்கானிக் பாஸ் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, கிராங்க் சீல் போயிட்டுது. கியர் ஒயிலை உறிஞ்சி எரிக்குது. ரிங்கும் போயிருக்கும். இறக்கினாத்தான் தெரியும்" என்றார். கிராங்க் என்பது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற தண்டு, சீல் அதன் ஓரத்தில் கசிவை மறிக்கிற வளையம். கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்குகிற அமுக்கம், அதை அளந்து பார்க்க முடியாதா என்று கேட்டேன். "கயித்த இழுக்கும்போதே கைக்குத் தெரியும்" என்று எனக்குப் பதில் சொல்லாமல், என்னோடு வந்த பொடியனைப் பார்த்துச் சொன்னார். பிறகு பேசியதெல்லாம் அவனோடுதான். காசு கொடுக்கப் போகிறவள் நான். அந்த நேரம் வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் கடல் நல்லாக இருந்தது, பக்கத்துப் போட்டுகள் போய்க்கொண்டிருந்தன.

ரிங் செட், சீல், கேஸ்கட் செட், ஒரு பேரிங், கூலி என்று 84,000. வாரக்கணக்கில் இழுத்தடித்துத்தான் கையில் கிடைத்தது. கராஜிலேயே ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, மெசினைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். புகை முந்தியதைவிடக் கூடவாக இருந்தது. "புது ரிங், பழகணும். ஓட ஓடச் சரியாகும்" என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா வாய் குழறிக் கேட்டார், "மகள், சரியா?" சரி என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதேன்.

இரண்டு விஷயத்தை அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். முதலாவது, புது ரிங் போட்ட டூ-ஸ்ட்ரோக் மெசினுக்குப் பழக்குகிற காலத்தில் ஒயிலை இரண்டு மடங்கு ஊற்றச் சொல்வார்கள். 50:1 (ஐம்பது பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு ஒயில்) கலக்கிற மெசினுக்கு அந்த நேரம் 25:1. ஆகவே புகை கூடத்தான் செய்யும், அதை வைத்து நல்லது கெட்டது ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவது, பீப்பாய்ச் சோதனையே ஆளை ஏமாற்றும். மெசின் விடுகிற புகை அந்தச் சின்னப் பீப்பாய்க்குள்ளேயே கொந்தளித்து மேலே வந்து, மெசின் அதையே திரும்ப மூச்சாக எடுக்கும். நல்ல மெசின்கூட அப்படித் திணறும், புகைக்கும். கடலிலோ ஆற்றிலோ போட்டில் பூட்டிப் பார்க்காமல் புகை விஷயத்தில் முடிவு எடுக்கக் கூடாது. மூடின கொட்டிலுக்குள் ஓடவிட்டுப் பார்க்கவே வேண்டாம்: அந்தப் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது, ஆளைக் கொல்லும்.

அதற்குப் பிறகுதான் அப்பாவின் தகரப் பெட்டியிலிருந்து மெசினின் புத்தகத்தை எடுத்தேன். ஆங்கிலம், படங்கள், ஒயில் கறை படிந்த பக்கங்கள். இரவில் இருந்து வாசித்ததில் ஒரு விஷயம் விளங்கியது, அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. காரிலோ ஃபோர்-ஸ்ட்ரோக் மெசினிலோ கீழே ஒயில் தனியாக நிற்கிறது. ரிங் தேய்ந்தால் அந்த ஒயில் மேலே ஏறி எரியும், நீலப் புகை வரும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி ஒயில் நிற்கிற இடமே இல்லை. எரிபொருளோடு நாம் கலக்கிற ஒயில், முதலில் கிராங்க் இருக்கிற பெட்டிக்குள் போய்ப் பேரிங்குகளை நனைத்து, அங்கிருந்து சிலிண்டருக்கு ஏறி எரிந்து வெளியே போகிறது. நாங்கள் கலந்ததைத் தவிர வேறு ஒயில் உள்ளே வர வழியில்லை. (ஒயிலுக்குத் தனி டாங்கி வைத்துத் தானாகவே ஊட்டுகிற மெசின்கள் வேறு. அவற்றில் ஒயில் குழாயிலுள்ள வால்வு கசிந்தால், நிறுத்தி வைத்திருக்கும்போதே ஒயில் உள்ளே இறங்கி நிற்கும், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஊரே புகையும். அந்த வகை வைத்திருக்கிறவர்கள் முதலில் அதைப் பார்க்கட்டும்.)

அப்படியென்றால் "கியர் ஒயிலை உறிஞ்சுது" என்றது? பழைய டூ-ஸ்ட்ரோக் த்ரீவீலுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அது சரி. அவற்றில் கிராங்கும் கியர் பெட்டியும் ஒட்டினபடி இருக்கிறது, நடுவில் உள்ள சீல் போனால் கியர் ஒயில் உள்ளே இழுபடும். போட் மெசினில் கியர் ஒயில் இருப்பது அடியில், புரொப்பலர் பக்கத்தில். மேலே இருக்கிற கிராங்குக்கும் அதற்கும் இடையில் ஒரு நீளத் தண்டும் தண்ணீர்ப் பம்பும் இருக்கிறது. அங்கிருந்து ஒயில் மேலே ஏறி எரியாது. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், கியர் பெட்டியின் மேல் திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். ஒயில் மட்டம் குறையாமல் நிற்கிறதா? அப்படியென்றால் அதை எரித்த கதை பொய். அந்த ஒயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, கீழ் சீல் மாற்ற வேண்டும், ஆனால் அது வேறு வருத்தம். புகையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

ஆகவே என் கேள்வி மாறியது. எரியாத ஒயில் எங்கே தேங்கி நிற்கிறது? ஏன் எரியவில்லை? இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

புகையின் நிறம் முதல் சாட்சி, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. நீலம் என்றால் ஒயில். கறுப்பு என்றால் எரிபொருள் கூட, காற்றுக் குறைவு: சோக் (ஸ்டார்ட் பண்ணும்போது காற்றைக் குறைக்கிற மூடி) முழுக்கத் திறக்காமல் பாதியில் நிற்கலாம், காபரேட்டரில் மிதவையின் ஊசி சரியாக மூடாமல் வழியலாம். வெள்ளைதான் குழப்பும். தண்ணீர் உள்ளே போய் ஆவியாக வந்தாலும் வெள்ளை, குளிர்ந்த மெசினில் ஒயிலும் எரிபொருளும் எரியாமல் வந்தாலும் வெள்ளை. பிரித்தறிய வழி இருக்கிறது. நீராவி கொஞ்சத் தூரம் போனதும் காற்றில் கரைந்துவிடும். ஒயில் புகை கரையாது, தொங்கிக்கொண்டே நிற்கும், மணம் இருக்கும், தண்ணீரில் படலம் விடும். எங்களுடையது கரையவே இல்லை, படலமும் விட்டது. ஆகவே தண்ணீர் இல்லை, எரியாத ஒயிலும் மண்ணெண்ணெயும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: டூ-ஸ்ட்ரோக் மெசின் காலையில் முதல் ஸ்டார்ட்டில் புகைப்பது நோய் இல்லை. சோக் இழுத்திருக்கும், கிராங்க் பெட்டியில் இரவு படிந்த ஒயில் இருக்கும். சில நிமிஷத்தில் சூடு ஏறி, சோக்கைத் தள்ளியதும் மெலிந்துவிட வேண்டும். மெலிகிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. மெலியாவிட்டால்தான் தேட வேண்டும்.

பிறகு கலவையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒயில் அளக்கிறது யோகட் கப்பால். அப்பா வைத்த முறை அது: நாலு லீற்றர் கேனுக்கு ஒரு யோகட் கப். கடையில் வருகிற யோகட் கப் 80 மில்லி. நாலு லீற்றருக்கு 80 மில்லி என்றால் அச்சொட்டாக 50:1. படிக்காத மனுஷன் எவ்வளவு சரியாக வைத்திருந்தார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் விலை ஏறிய பிறகு யாரும் நாலு லீற்றர் அடிக்கிறதில்லை. பொடியன்கள் ஸ்டார்ட் பண்ணுகிற அளவுக்கு இரண்டு லீற்றர் பெற்றோல் வாங்கி, அதே கேனில், அதே ஒரு கப் ஊற்றியிருக்கிறார்கள். சில நேரம் ஒரு லீற்றருக்கும் அதே கப். அப்படியானால் 25:1, அல்லது அதைவிடத் தடிப்பு. "ஒயில் கூடினா மெசினுக்கு நல்லதுதானே அக்கா" என்றான் ஒருவன். கூடின ஒயில் பிளக்கை (சிலிண்டருக்குள் தீப்பொறி விடுகிற பகுதி) நனைக்கும், கரி படியும், ரிங் ஒட்டும்.

இதைச் சோதிக்க மிக மலிவான வழி: வெளியில் ஒரு சுத்தமான கேன், பெற்றோல் நிலையத்தில் புதிதாக அடித்த இரண்டு லீற்றர் பெற்றோல், மருந்துக் கடையில் வாங்கின அளவு ஊசியால் எடுத்த 40 மில்லி ஒயில். பழைய டாங்கியைக் கழற்றிவிட்டு இந்தக் கேனிலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள். பெற்றோல் லீற்றர் 300 ரூபா அளவில் இருந்த நேரத்தில் ஆயிரம் ரூபாவுக்குள் முடிந்த சோதனை. (என்னைப் போல ரிங் மாற்றினவர்கள் பழக்குகிற மணித்தியாலங்களை 25:1இல் ஓடி முடித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.) பழைய டாங்கியில் மிச்சமிருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இரவு முழுக்க வைத்தேன். காலையில் அடியில் தண்ணீர் தனியாகக் கோடு போட்டு நின்றது. அந்தப் பழையதைத் திரும்பப் பாவிக்கவில்லை.

புதுக் கலவையில் புகை குறைந்தது, போகவில்லை. அடுத்தது பிளக். இரண்டு பிளக்கையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று மாறாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் வருத்தம். ஒன்று மட்டும் கழுவி விட்டது போல் பளிச்சென்று இருந்தாலோ உப்புப் படிந்திருந்தாலோ, அங்கே தண்ணீர் போகிறது. என்னுடைய இரண்டும் ஒரே மாதிரி, கறுப்பாக, ஒயிலில் ஊறி இருந்தது. இரண்டு சிலிண்டரும் ஒரே மாதிரி வருந்தினால் காரணம் இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருக்க வேண்டும்: எரிபொருள், காபரேட்டர், அல்லது மெசினின் சூடு.

காபரேட்டரின் அடிக் கிண்ணத்தை நானே கழற்றினேன். கராஜில் மெசின் முழுவதையும் பிரித்தவர்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. உள்ளே தேன் நிறத்தில், விரலில் ஒட்டி நூலாக இழுபடுகிற ஒரு பசை. கிண்ணத்தின் மூலையில் அது பாதி இறுகிப்போயிருந்தது, மணந்து பார்த்தால் மண்ணெண்ணெய். நிறுத்தின அன்று உள்ளே நின்றதில் எளிதில் ஆவியாகிறது எல்லாம் மாதக்கணக்கில் பறந்துபோய், ஒயிலும் மண்ணெண்ணெயின் கனத்த பகுதியும் மிஞ்சியிருக்கிறது. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பிடிக்கிற அளவு ஆவி கொடுக்கும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். குளிர்ந்த மெசினுக்குள் மண்ணெண்ணெய் போனால் துளித் துளியாகவே போய், எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். கிண்ணம், ஊசி, ஜெட் எல்லாவற்றையும் காபரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவி, குழாயையும் கை பம்பையும் புதுக் கலவையால் அலசினேன். நெருப்புப் பக்கத்தில் இல்லாத திறந்த இடத்தில் செய்யுங்கள்.

ஸ்டார்ட் இப்போது இரண்டாவது இழுவையிலேயே ஆனது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் கால் மணித்தியாலம் ஓடிய பிறகும் மெல்லிய நீலப் புகை விடவில்லை. இதற்கு விடை தந்தவர் அப்பாவோடு முன்பு தொழிலுக்குப் போன ஒரு பெரியவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அப்பாவைப் பார்க்க வந்தவர் கரைக்கும் வந்தார். மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியை எடுக்கச் சொல்லி, சுழல்கிற சில்லுக்குத் தள்ளி, சிலிண்டர் ஹெட் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. "மகள், இஞ்ச கை வை. சூடே இல்ல பாத்தியா? இவ்வளவு நேரம் ஓடின மெசின்ல கை வெச்சா சுருக்குன்னு எடுக்கணும்." நானும் வைத்தேன். தேத்தண்ணிக் கோப்பையின் வெளிப்பக்கம் அளவுக்குக்கூட இல்லை.

தெர்மோஸ்டாட். மெசின் தேவையான சூட்டுக்கு வரும்வரை குளிர் தண்ணீரை மறித்து வைக்கிற சின்ன வால்வு. அது திறந்தபடி இறுகிப்போனால் கடல் தண்ணீர் முதல் நிமிஷத்திலிருந்தே பாய்ந்து, மெசின் சூடாகவே சூடாகாது. சூடில்லாத மெசினில் ஒயில் முழுக்க எரியாது. எங்களுடையதைக் கழற்றியபோது வால்வின் வாயில் உப்புக் கட்டியும், நடுவில் ஒரு சிப்பித் துண்டும் சிக்கி நின்றது. விரல் நகத்தின் பாதி அளவுதான் இருக்கும் அது. சமையலறையில் ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பை மூட்டி, வெப்பமானி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: பச்சைத் தண்ணீரில் மூடியிருக்க வேண்டும், 50 பாகையைத் தாண்டும்போது திறக்கத் தொடங்கி, 60 அளவில் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். மெசினுக்கு மெசின் கொஞ்சம் மாறும், புத்தகத்தில் பாருங்கள். எங்களுடையது பச்சைத் தண்ணீரிலேயே வாயைத் திறந்துகொண்டு நின்றது. பஞ்சிகாவத்தையில் புதிது வாங்கினேன், கேஸ்கட்டும் சேர்த்து 6,000க்கு உள்ளே. சில மிகச் சின்ன மெசின்களில் தெர்மோஸ்டாட் இருக்காது. கரையில் சிலர் மெசின் சூடேறிவிடும் என்ற பயத்தில் அதைக் கழற்றி எறிந்தும் விடுவார்கள். பழைய மெசின் வாங்கினவர்கள் மூடியைத் திறந்து அது உள்ளே இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

எல்லாம் பூட்டியபின் முதல் ஓட்டத்திலும் புகை வந்தது. மாமா முன்பே சொல்லியிருந்தார்: எரியாத ஒயில் மாதக்கணக்கில் போய்ப் படிந்திருப்பது புகைக்குழாயின் நீளக் காலுக்குள், அது சூட்டில்தான் கழறும். வெளியே கடலுக்குப் போய் நல்ல வேகத்தில் ஒரு மணித்தியாலம் அளவு ஓடவிட்டார்கள். போகும்போது புகைந்துகொண்டு போன போட் திரும்பி வரும்போது வெறும் சத்தத்தோடு வந்தது.

ரிங் உண்மையில் தேய்ந்திருந்ததா? இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் திறக்க முதல் யாரும் அளக்கவில்லை. இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கம்பிரஷன் அளக்கிற கேஜ் ஒன்றை நான் பிறகு 4,000 ரூபாவுக்கு வாங்கினேன். பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி வைத்து, இரண்டு பிளக்கையும் எடுத்து, திரொட்டிலை முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாவிட்டால், புகைக்காக மெசினை இறக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய் மெசினில் கம்பிரஷன் பெற்றோல் மெசினைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதைக் காட்டி யாரும் பயமுறுத்த இடம் கொடுக்காதீர்கள். உங்கள் மெசினின் இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். கராஜுக்குக் கொடுக்க முதல் இந்த இலக்கங்களை எழுதி வையுங்கள், அவர்கள் கையாலும் எழுதி வாங்குங்கள். கழற்றின பழைய சாமான்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெண் என்று பார்த்து உங்களிடம் பேசாமல் பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுகிற இடத்தில் மெசினை விட்டுவிட்டு வராதீர்கள்.

உண்மையாகவே திறக்க வேண்டிய நேரமும் உண்டு. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் வந்து, காற்றில் உடனே கரைந்து, ஒரு பிளக் மட்டும் கழுவினது போல் இருந்தால், ஹெட் கேஸ்கட்டோ புகைக்குழாய் மூடியின் கேஸ்கட்டோ போயிருக்கும். ஒரு சிலிண்டரின் கம்பிரஷன் மற்றதைவிட நன்றாக விழுந்திருந்தாலும் அப்படித்தான். மெசினைக் குளிர்வித்துப் பக்கத்தால் பீச்சுகிற தண்ணீர் நின்றுபோனால் அந்த நொடியே மெசினை நிறுத்துங்கள்.

ஒயில் வாங்கும்போது போத்தலில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று இருக்கிறதா பாருங்கள். அது தண்ணீரால் குளிர்கிற போட் மெசினுக்கென்று அமெரிக்கப் படகு உற்பத்தியாளர் சங்கம் வைத்த தரம், எரிந்தபின் சாம்பல் விடாது. த்ரீவீலுக்கு விற்கிற டூ-ஸ்ட்ரோக் ஒயில் காற்றால் குளிர்கிற, கூடச் சூடாகிற மெசினுக்கு. விலை குறைவு என்று அதை ஊற்றினால் பிளக்கிலும் ரிங்கிலும் படியும். எங்கள் கேனில் இப்போது யோகட் கப் கிடையாது. கோடு போட்ட அளவுப் போத்தல் ஒன்றைக் கேனின் கழுத்திலேயே கட்டிவிட்டு, ஒரு லீற்றருக்கு 20 மில்லி என்று பெயின்ட்டால் எழுதியும் வைத்திருக்கிறேன்.

சோளகத்துக்கு மெசினை எடுத்து வைக்கும்போது: கடைசி ஓட்டத்தில் பெற்றோலுக்கு மாற்றி நன்றாக ஓடவிடுங்கள். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசுங்கள், அலசும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றி, காபரேட்டர் வற்றித் தானாக நிற்கட்டும். பிளக் துவாரத்தால் கொஞ்சம் ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டு, நிமிர்த்தி ஸ்டாண்டில் பூட்டுங்கள். படுக்கப் போட வேண்டிய கட்டாயம் வந்தால் மெசின் தலை எப்போதும் புரொப்பலரைவிட உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் புகைக்குழாயில் தேங்கின தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். இப்படி வைத்த மெசினும் முதல் ஸ்டார்ட்டில் கட்டாயம் புகைக்கும், அது நீங்கள் விட்ட ஒயில். வெளியே ஒரு நல்ல ஓட்டம் ஓடி வந்தும் மெலியாவிட்டால், ஸ்பானரை எடுக்க முதல் கேனையும் பிளக்கையும் பாருங்கள்.